கணக்கில் வராத பெண்கள்: லுசாகாவுக்குக் கருப்பைவாய்ப் பரிசோதனை வந்த வரலாறு

2008ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசின் ஒரு பாதி, கருப்பைவாய்ப் புற்றுநோயை மனித பாப்பிலோமா வைரஸ் உண்டாக்குகிறது என்று நிறுவிய ஜெர்மானிய அறிஞர் ஹரால்டு சுர் ஹவுசனுக்கும், மறுபாதி எச்.ஐ.வி.யைக் கண்டறிந்த பிரெஞ்சு அறிஞர்கள் பிரான்சுவாஸ் பாரே-சினுஸி, லூக் மோன்தானியே ஆகிய இருவருக்கும் வழங்கப்பட்டது. தொடர்பில்லாத இரு கண்டுபிடிப்புகளுக்காகப் பகிர்ந்தளிக்கப்பட்ட பரிசு அது. ஆனால் அந்த இரு வைரஸ்களும் ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளில் எண்ணற்ற பெண்களின் உடலில் பல ஆண்டுகளாக ஒன்றாகவே குடியிருந்தன. சாம்பியாவின் தலைநகரான லுசாகாவில், அப்பெண்களுக்கென ஒரு பரிசோதனைத் திட்டம் அந்தப் பரிசு அறிவிக்கப்படுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டிருந்தது. அத்திட்டம் எங்கிருந்து வந்தது, ஏன் அவ்வளவு தாமதமாக வந்தது என்பதை அறிய, கருப்பைவாயைப் பார்க்கும் கலையின் வரலாற்றையும், எச்.ஐ.வி. தொற்றிய பெண்களைப் பார்க்க மறுத்த ஒரு காலத்தின் வரலாற்றையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.

கருப்பையின் அடிமுனை பிறப்புப் பாதைக்குள் நீண்டிருக்கும் பகுதியே கருப்பைவாய். அதன் வெளிப்புறத்தைத் தட்டையான உயிரணுக்களும், உட்கால்வாயைத் தூண்வடிவ உயிரணுக்களும் மூடியிருக்கின்றன. இவ்விரு வகையும் சந்திக்கும் எல்லை, பூப்படையும் பருவம் முதல் மெல்ல இடம்பெயர்ந்துகொண்டே இருப்பதால், அவ்விடம் உருமாற்றப் பகுதி என்று அழைக்கப்படுகிறது. பாப்பிலோமா வைரஸ் காலூன்றுவது பெரும்பாலும் இங்கேதான். தொற்றுக்குள்ளான பெண்களில் மிகப் பெரும்பான்மையோரின் நோய் எதிர்ப்பாற்றல் ஓரிரு ஆண்டுகளில் அதை அடக்கிவிடுகிறது. அடக்க முடியாமல் நீடிக்கும் சிலரிடத்தில் உயிரணுக்கள் ஒழுங்கு குலைந்து, புற்றுநோயாக மாறாத, ஆனால் மாறக்கூடிய நிலையை அடைகின்றன. இதுவே புற்றுநோயின் முன்நிலை. இந்நிலையில் வலி இல்லை, இரத்தப்போக்கு இல்லை, பெண்ணுக்கு எதுவுமே தெரிவதில்லை. சாதாரணமாக இது புற்றாக முற்றுவதற்கு 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. சிகிச்சை பெறாத எச்.ஐ.வி. தொற்றால் எதிர்ப்பாற்றல் நலிந்த பெண்களில் இக்காலம் 5 முதல் 10 ஆண்டுகளாகச் சுருங்கிவிடக்கூடும். தொற்றை அடக்க வேண்டிய சி.டி.4 வகை வெள்ளணுக்களையே எச்.ஐ.வி. அழிப்பதால், ஒரு வைரஸ் திறந்துவிட்ட கதவின் வழியே மற்றொன்று தங்கு தடையின்றி வளர்கிறது.

இந்த முன்நிலையைக் கண்ணால் காணும் முயற்சி 1925இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் தொடங்கிற்று. ஹான்ஸ் ஹின்செல்மன் என்ற மகப்பேறு மருத்துவர், ஒளியும் உருப்பெருக்கும் ஆடிகளும் பொருத்திய கால்போஸ்கோப் என்னும் கருவியை அமைத்து, கருப்பைவாயின் மேற்பரப்பை உயிருள்ள பெண்ணிடத்திலேயே ஆராய்ந்தார். நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது சமையலறை வினிகரில் புளிப்பைத் தரும் அதே பொருளை, கருப்பைவாயில் தடவினால், ஒழுங்கு குலைந்த உயிரணுக்கள் நிறைந்த திட்டுகள் சற்று நேரத்தில் வெளுத்துத் தெரிகின்றன என்பதும் அவருடைய மரபில் வளர்ந்த அறிவே. வியன்னாவில் வால்டர் ஷில்லர் அயோடின் கரைசலைக் கொண்டு இதேபோன்றதொரு சோதனையை உருவாக்கினார்: நலமான தட்டை உயிரணுக்கள் அயோடினை ஏற்றுக் கருமை பூசிக்கொள்ள, நோயுற்றவை மஞ்சளாக நிற்கும். இந்த அறிவின் மறுபக்கத்தையும் மறைக்காமல் எழுத வேண்டும். நாஜி ஆட்சிக் காலத்தில் ரோமா இனப் பெண்களைக் கட்டாயக் கருத்தடைக்கு உட்படுத்திய குற்றத்துக்காக ஹின்செல்மன் 1946இல் தண்டிக்கப்பட்டார். அவருடைய கருவி அவுஷ்விட்ஸ் முகாமில் சிறைப்பட்ட பெண்கள்மீது நடத்தப்பட்ட சோதனைகளிலும் பயன்பட்டது. பெண்களின் இசைவைக் கேளாமல் அவர்களுடைய உடலைப் பார்த்தது இம்மருத்துவத்தின் தொடக்கத்திலேயே படிந்துவிட்ட கறை.

ஆங்கிலம் பேசும் நாடுகளின் மருத்துவ உலகம் கால்போஸ்கோப்பை நெடுங்காலம் ஏற்கவில்லை. அதற்கு மாறாக ஜார்ஜ் பாபனிகோலாவ் வகுத்த வழியைப் பின்பற்றியது. கிரேக்கத்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த அவர், கருப்பைவாயிலிருந்து வழித்தெடுத்த உயிரணுக்களைக் கண்ணாடித் தகட்டில் பூசிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் ஆராயும் முறையை, ஹெர்பர்ட் டிராட்டுடன் சேர்ந்து 1940களின் தொடக்கத்தில் நிலைநாட்டினார். பாப் ஸ்மியர் என்று உலகறிந்த இச்சோதனை, அதை ஒழுங்காக நடத்திய நாடுகளில் கருப்பைவாய்ப் புற்றுநோய் மரணங்களைப் பெரிதும் குறைத்தது. ஆனால் அந்த ஒழுங்கைப் பேணுவதற்கு ஒரு நீண்ட சங்கிலி தேவைப்பட்டது. மாதிரி எடுப்பவர், தகட்டைச் சுமந்து செல்லும் வண்டி, சாயமேற்றும் ஆய்வகம், தகட்டைப் படிக்கப் பல ஆண்டுகள் பயின்ற நிபுணர், முடிவைப் பெண்ணிடம் சேர்ப்பிக்கும் அஞ்சல், மீண்டும் அழைத்துக் கால்போஸ்கோப்பில் பார்த்துத் திசுத்துணுக்கு எடுக்கும் மருத்துவர், அதன்பின் சிகிச்சை என்று அது நீள்கிறது. இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் பரிசோதனை வீண். நோயியல் நிபுணர்களை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய நாடுகளில் பெரும்பாலான கண்ணிகள் தொடக்கத்திலேயே இல்லை. தென்னாப்பிரிக்கா 2000ஆம் ஆண்டில் வகுத்த தேசியக் கொள்கைகூட, ஒரு பெண்ணுக்கு 30 வயது முதல் பத்தாண்டுக்கு ஒன்றாக வாழ்நாளில் மூன்று பாப் சோதனைகளையே உறுதியளித்தது.

இதனிடையே எய்ட்ஸ் வந்தது. 1981இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் முதல் நோயாளிகளைப் பதிவு செய்தபோது, அவர்கள் ஆண்கள். எனவே அந்நோயின் வரையறையும் ஆண்களிடம் கண்ட அரிய நிமோனியாவையும் கப்போசி புற்றையும் மையமாகக் கொண்டு எழுதப்பட்டது. பெண்களிடத்தில் அந்நோய் எடுத்த வடிவங்கள் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பணியாற்றிய மருத்துவர்கள், எச்.ஐ.வி. தொற்றிய பெண்களிடத்தில் கருப்பைவாய்ப் புற்று முற்றிய நிலையிலும், சிகிச்சைக்குப் பின் மீண்டும் தலைதூக்கும் தன்மையுடனும் வருகிறது என்று 1990ஆம் ஆண்டளவில் எழுதலாயினர். ஆயினும் அந்தப் பெண்கள் அரசுக் கணக்கில் எய்ட்ஸ் நோயாளிகளாகக் கருதப்படவில்லை. கணக்கில் இல்லாதவர்களுக்கு அங்கே இயலாமை உதவித்தொகையும் எளிதில் கிடைக்கவில்லை. இந்த வரையறை வெறும் சொற்பிரச்சினையன்று, வாடகையையும் மருந்தையும் சோற்றையும் தீர்மானிக்கும் வரம்பாக அது இருந்தது.

வரையறையை மாற்றக் கோரி வழக்கறிஞர்களும் எய்ட்ஸ் போராட்டக் குழுக்களும் 1990 முதல் நீதிமன்றத்திலும் தெருவிலும் போராடின. அப்போராட்டத்தின் முன்னணியில் நின்ற காத்ரினா ஹாஸ்லிப், நியூயார்க்கின் பெட்ஃபோர்டு ஹில்ஸ் சிறையில் இருந்தபோதே உடன் சிறைப்பட்ட பெண்களிடையே எச்.ஐ.வி. பற்றிய ஆதரவுக் குழுவைக் கட்டியெழுப்பியவர். 1993 ஜனவரி முதல், எச்.ஐ.வி. தொற்றிய ஒருவருக்கு ஊடுருவிய கருப்பைவாய்ப் புற்று இருந்தால் அது எய்ட்ஸ் எனக் கொள்ளப்படும் என்ற புதிய வரையறை நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன், 1992 டிசம்பரில், ஹாஸ்லிப் இறந்துபோனார். எச்.ஐ.வி.யும் கருப்பைவாயும் ஒரே மருத்துவக் கேள்வியின் இரு பக்கங்கள் என்பதை அரசு ஏடுகளில் பதியவைத்ததில் இவரைப் போன்றோரின் பங்கு ஆய்வாளர்களின் பங்குக்குச் சற்றும் குறைந்ததன்று. மருத்துவ வரலாற்று நூல்கள் பல அதைப் போதுமான அளவுக்குச் சொல்வதில்லை.

வரையறை மாறியது அமெரிக்காவில். நோய்ச்சுமை மிகுந்திருந்ததோ சகாராவுக்குத் தெற்கே. சாம்பியாவில் 2000களின் தொடக்கத்தில் வயது வந்தோரில் ஏறத்தாழ ஆறு அல்லது ஏழு பேருக்கு ஒருவர் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்ந்தனர். 2004 முதல் அரசு மருத்துவ நிலையங்களில் ஏ.ஆர்.டி. எனப்படும் கூட்டு மருந்துச் சிகிச்சை, பெப்ஃபார் என்னும் அமெரிக்க அவசர நிதியின் துணையுடன் விரைந்து பரவிற்று. சாவை எதிர்நோக்கியிருந்த பெண்கள் எழுந்து நடந்தார்கள், வேலைக்குத் திரும்பினார்கள், பிள்ளைகளை வளர்த்தார்கள். ஆனால் எய்ட்ஸின் பிடியிலிருந்து மீண்டு நீண்ட நாள் வாழத் தொடங்கியவர்களுக்கு, கருப்பைவாயில் ஏற்கெனவே வேரூன்றிய மாற்றம் புற்றாக முற்றுவதற்கான காலமும் கிடைத்துவிட்டது. மருந்து காப்பாற்றிய உயிரை மற்றொரு தடுக்கக்கூடிய நோய் பறித்துவிடும் அபாயம் இவ்வாறு உருவாயிற்று.

அந்த அபாயத்தின் அளவை வெளிப்படுத்தியது லுசாகாவில் நடந்த ஒரு சிறிய ஆய்வு. எச்.ஐ.வி. சிகிச்சைக்கு வந்த 150 பெண்களின் கருப்பைவாய் உயிரணுக்களை ஆராய்ந்து 2006இல் வெளியான அதன் முடிவுகளின்படி, 114 பேரிடம், அதாவது நூற்றுக்கு 76 பேரிடம், உயிரணு மாற்றங்கள் இருந்தன. அவர்களுள் 49 பேருக்குத் தீவிர முன்நிலை. 30 பேருக்குப் புற்றாகவே இருக்கலாம் என்று ஐயுறத்தக்க மாற்றம். இப்படிப்பட்ட எண்களைக் கண்ட மருத்துவர்கள் இன்னும் ஆராய்வோம் என்று காத்திருந்திருக்கலாம்; அவர்கள் காத்திருக்கவில்லை. அமெரிக்காவின் அலபாமாவிலிருந்து வந்து லுசாகாவில் தங்கிவிட்ட ஆப்பிரிக்க-அமெரிக்கப் புற்றுநோய் அறுவை மருத்துவர் குரோஸ்பெக் பாரம், லுசாகா பல்கலைக்கழகப் போதனா மருத்துவமனையின் மகளிர் மருத்துவர் முலிண்டி முவானாஹமுண்டு ஆகிய இருவரும், 2006 தொடக்கத்தில் இரண்டு அரசு மருத்துவ நிலையங்களில் பரிசோதனையைத் தொடங்கினர்.

அவர்கள் கையிலெடுத்த வினிகர் முறைக்கு அதற்குள் ஒரு வரலாறு சேர்ந்திருந்தது. உருப்பெருக்கி இல்லாமல் வெறுங்கண்ணாலேயே வெள்ளைத் திட்டுகளைக் காண முடியும் என்று இத்தாலியின் பிளாரன்ஸ் நகர மருத்துவர்கள் 1982இல் காட்டியிருந்தனர். அண்டை நாடான ஜிம்பாப்வேயில், மருத்துவர்கள் இன்றிச் செவிலியரும் மருத்துவச்சிகளும் மட்டுமே ஏறத்தாழ 11,000 பெண்களைப் பரிசோதித்த ஆய்வொன்று 1999இல் வெளிவந்தது. உண்மையான முன்நிலைகளில் நான்கில் மூன்றுக்கு மேல் அவர்கள் கண்ணில் சிக்கின, ஆனால் நோயில்லாத பலரையும் நோயுள்ளவராகக் கருதிவிடும் குறையும் வெளிப்பட்டது. இந்தக் குறையை அறிந்தேதான் லுசாகாவில் இம்முறை ஏற்கப்பட்டது. ஏனெனில் முடிவு அன்றே தெரியும், சிகிச்சையும் அன்றே முடியும், பெண் இன்னொரு நாள் பேருந்து ஏறி வர வேண்டியதில்லை.

ஏ.ஆர்.டி. மையம் இருக்கும் அதே வளாகத்திலேயே ஒரு சிறிய அறையில் பரிசோதனை நடந்தது. பயிற்சி பெற்ற செவிலியர், ஸ்பெகுலம் என்னும் விரிப்பானை இட்டுக் கருப்பைவாயை வெளிச்சத்தில் பார்த்து, நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு அசிட்டிக் அமிலத்தில் நனைத்த பஞ்சை ஒற்றி, சற்றுப் பொறுத்திருந்து, கடையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் கேமராவால் படம் எடுத்தார். கருப்பைவாயைப் படம்பிடித்துப் பின்னர் நிபுணர் படித்துக் கூறும் முறையை அமெரிக்காவில் அடோல்ஃப் ஸ்டாஃபல் 1981லேயே முன்வைத்திருந்தார். ஆனால் டிஜிட்டல் படம் லுசாகாவில் மூன்று வேலைகளைச் செய்தது. திரையில் பெரிதாகத் தெரிந்ததால் செவிலியரின் கண்ணுக்கு அது உருப்பெருக்கியாயிற்று. ஐயம் எழுந்தால் தொலைவிலிருக்கும் மருத்துவருக்கு அனுப்பி அன்றே கருத்துக் கேட்க முடிந்தது. வாரந்தோறும் செவிலியரும் மருத்துவரும் கூடிப் படங்களை ஒன்றாகப் பார்த்துத் தீர்ப்புகளை ஒப்பிட்டனர். அதே படத்தைப் பரிசோதனைக்கு வந்த பெண்ணும் பார்த்தார், தன் உடலின் உள்ளே இருப்பதைத் தன் கண்ணாலேயே பார்த்துக் கேள்வி கேட்டார். ஹின்செல்மனின் காலம் முதல் மருத்துவரின் கண்ணுக்கு மட்டுமே திறந்திருந்த காட்சி இங்கே அதன் உரிமையாளருக்குக் காட்டப்பட்டது என்பதை, இத்திட்டத்தின் எல்லாச் சாதனைகளிலும் உயர்ந்ததாகக் கருத இடமுண்டு.

வெள்ளைத் திட்டு சிறிதாகவும் முழுவதும் கண்ணுக்குப் புலப்படுவதாகவும் இருந்தால், கிரையோதெரபி என்னும் உறையவைக்கும் சிகிச்சை அங்கேயே அளிக்கப்பட்டது. வாயுவால் குளிர்விக்கப்பட்ட உலோக முனையைத் திட்டின்மேல் மூன்று நிமிடம் வைத்து, ஐந்து நிமிடம் இளக விட்டு, மீண்டும் மூன்று நிமிடம் உறையவைப்பார்கள். மயக்க மருந்து தேவையில்லை. திட்டு கருப்பைவாயின் முக்கால் பங்குக்கு மேல் பரவியிருந்தாலோ, கால்வாய்க்குள் நுழைந்திருந்தாலோ, புற்று என்ற ஐயம் இருந்தாலோ, அப்பெண் போதனா மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டு, மின்கம்பி வளையத்தால் அப்பகுதியை அறுத்தெடுக்கும் சிகிச்சையோ திசு ஆய்வோ பெற்றார்.

எச்.ஐ.வி. தொற்றியவர்களை மனத்தில் வைத்துத் தொடங்கிய திட்டம் ஆயினும், அதன் கதவு எல்லாப் பெண்களுக்கும் திறந்துவைக்கப்பட்டது. அந்த அறைக்குள் நுழைந்தாலே எச்.ஐ.வி. உள்ளவர் என்ற முத்திரை விழுந்துவிடக்கூடாது என்பதற்காக எடுக்கப்பட்ட முடிவு அது. ஏற்கெனவே பரிசோதனை செய்துகொண்ட பெண்கள் சந்தைகளிலும் மருத்துவ நிலையக் காத்திருப்புத் திண்ணைகளிலும் பேசி மற்றவர்களை அழைத்து வந்தனர். கருப்பைவாயை அறுத்து எடுத்துவிடுவார்கள் என்பன போன்ற அச்சங்களுக்கு மருத்துவரின் சொல்லைவிட அவர்களுடைய சொல்லே எடுபட்டது. முதல் ஐந்து ஆண்டுகளில் 58,000க்கும் மேற்பட்ட பெண்களும், 2013க்குள் லுசாகாவில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களும் பரிசோதிக்கப்பட்டனர்.

எச்.ஐ.வி. தொற்றிய பெண்களைப் பற்றிய தனிக் கணக்கு 2010இல் வெளிவந்தது. பரிசோதிக்கப்பட்ட 6,572 பேரில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் வெள்ளைத் திட்டு காணப்பட்டது. அவர்களில் 1,461 பேருக்கு, ஏறத்தாழ ஐவரில் இருவருக்கு, உறையவைக்கும் சிகிச்சை போதாது என்று மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. தொற்றில்லாத பெண்களுக்கென வகுத்த எளிய வழி இவர்களுக்கு அப்படியே பொருந்தவில்லை என்பதை இந்த எண் சொல்கிறது. பரிசோதிக்கப்பட்ட 46 பேருக்கு ஒன்று என்ற விகிதத்தில், மொத்தம் 142 மரணங்கள் தடுக்கப்பட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். தடுப்பு மருத்துவத்தில் இத்தனை சிறிய எண்ணிக்கையைச் சோதித்து ஓர் உயிரைக் காப்பது அரிது. மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் போய்ச் சேரவில்லை என்பதையும் அதே அறிக்கை பதிவு செய்தது.

வினிகர்ச் சோதனை மரணத்தைக் குறைக்கும் என்பதற்கான உறுதியான சான்று தமிழ்நாட்டிலிருந்து வந்தது. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுவரையுள்ள பெண்களிடையே, பயிற்சி பெற்ற செவிலியர் நடத்திய பரிசோதனையை ஆர். சங்கரநாராயணன் தலைமையிலான குழு ஆராய்ந்து 2007இல் வெளியிட்டது: பரிசோதனை வழங்கப்பட்ட ஊர்களில் புற்றுநோய் நிகழ்வு நூற்றுக்கு 25 பங்கும், அதனால் நேரும் மரணம் 35 பங்கும் குறைந்திருந்தன. ஒப்பீட்டுக்காக நிறுத்தப்பட்ட ஊர்களின் பெண்களுக்குப் பரிசோதனை வழங்கப்படாமை பின்னாளில் கடுமையான அறவியல் விவாதத்துக்கு உள்ளாயிற்று. அந்த விவாதம் நியாயமானது. எச்.ஐ.வி. தொற்றிய பெண்களைப் பற்றிய கேள்விக்கோ வேறோரிடத்திலிருந்து விடை வந்தது. கேப்டவுனை அடுத்த கயலிட்ஷாவில் லினெட் டென்னியும் லூயிஸ் கூனும் நடத்திய ஆய்வில், பாப்பிலோமா வைரஸின் மரபணுப் பொருளை நேரடியாகத் தேடும் சோதனையைச் செய்து, இருந்தால் உடனே உறையவைத்தபோது, எச்.ஐ.வி. தொற்றிய பெண்களில் தீவிர முன்நிலை ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது என்று 2010இல் வெளியிட்டனர். வெறுங்கண் பார்வையைவிட வைரஸ் சோதனையே இப்பெண்களுக்குப் பெரும் பயன் தந்தது.

லுசாகாவின் எடுத்துக்காட்டு அரசியல் கவனத்தையும் ஈர்த்தது. எய்ட்ஸ் சிகிச்சைக்காகப் போடப்பட்ட பாதையிலேயே புற்றுநோய்த் தடுப்பையும் செலுத்தலாம் என்ற எண்ணத்துடன் 2011 செப்டம்பரில் ஜார்ஜ் புஷ் நிறுவனம், பெப்ஃபார், ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பு முதலியவை சேர்ந்து தொடங்கிய பிங்க் ரிப்பன் ரெட் ரிப்பன் கூட்டணி, முதல் நாடாகச் சாம்பியாவைத் தேர்ந்தது. 2018இல் அதன் இடத்தில் தொடங்கிய கோ ஃபர்தர் திட்டம், எச்.ஐ.வி. மிகுந்த எட்டு தென்பகுதி ஆப்பிரிக்க நாடுகளைத் தழுவியது.

வளர்ச்சியோடு குறைகளும் வெளிப்பட்டன. வெள்ளை எது என்பதில் ஒரு செவிலியருக்கும் மற்றவருக்கும் தீர்ப்பு வேறுபட்டது. கண்காணிப்பு தளர்ந்த இடங்களில் தரமும் தளர்ந்தது. கனத்த வாயு உருளைகளை நிரப்பி நிலையம்தோறும் கொண்டுசேர்ப்பது ஓயாத தொல்லையாயிற்று. இதற்கு மாற்றாக, ஜெர்மானிய மருத்துவர் கூர்ட் செம் 1960களில் வடிவமைத்த வெப்பமுனைச் சிகிச்சை மறுபிறவி எடுத்தது. ஏறத்தாழ 100 பாகை வெப்பத்தால் ஓரிரு நிமிடங்களுக்குள் திட்டை அழிக்கும் அக்கருவி, பின்னாளில் மின்கலத்தால் இயங்கும் கைக்கருவியாகச் சுருங்கியது. அதை உறையவைத்தலுடனும் மின்வளையத்துடனும் ஒப்பிட்ட ஆய்வு லுசாகாவிலேயே நடந்து 2020இல் முதற்கட்ட முடிவுகளைத் தந்தது. அதற்கு முந்தைய ஆண்டே உலக சுகாதார நிறுவனம் வெப்பச் சிகிச்சைக்கு வழிகாட்டி வெளியிட்டிருந்தது. சிகிச்சைக்குப் பின் என்ன ஆகிறது என்பது இவற்றினும் கடினமான கேள்வி. எச்.ஐ.வி. தொற்றிய 400 பெண்களிடையே கென்யாவில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டுகளுக்குள் உறையவைக்கும் சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 30 பேருக்கும், மின்வளையச் சிகிச்சை பெற்றோரில் 19 பேருக்கும் தீவிர முன்நிலை மீண்டும் தோன்றியிருந்தது. எனவே ஒரே நாளில் கண்டு ஒரே நாளில் முடிக்கும் முறை, இப்பெண்களுக்குத் தொடர்ந்து வரவேண்டிய பயணத்தின் முதல் நாளாகவே அமைகிறது.

2021இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொண்டது. பொதுவாகப் பெண்களுக்கு 30 வயதில் தொடங்கி 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை வைரஸ் சோதனை போதும் என்றும், எச்.ஐ.வி. தொற்றியவர்களுக்கு 25 வயதிலேயே தொடங்கி 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை வேண்டும் என்றும், அவர்களிடத்தில் வைரஸ் காணப்பட்டால் உடனே சிகிச்சை செய்யாமல் இரண்டாவதொரு சோதனையால் தெரிந்தெடுத்த பின்னரே சிகிச்சை அளிக்கலாம் என்றும் அது கூறியது. 2018இல் உலகில் புதிதாகக் கருப்பைவாய்ப் புற்று கண்ட பெண்களில் ஏறத்தாழ 33,000 பேர், அதாவது நூற்றுக்கு 6 பேருக்குச் சற்றுக் குறைவானோர், எச்.ஐ.வி. தொற்றுடையோர் என்றும், தொற்றில்லாதவரைவிட அவர்களுக்கு ஆறு மடங்கு ஆபத்து இருக்கிறது என்றும் கணக்கிட்டுக் கூறிய ஆய்வும் 2021இல் அச்சேறியது. அவர்களில் பெரும்பான்மையோர் சகாராவுக்குத் தெற்கே வாழ்ந்தவர்கள்.

சாம்பியா 2019இல் சிறுமிகளுக்கான பாப்பிலோமா தடுப்பூசியைத் தேசியத் திட்டமாக்கியது. 2022 இறுதியில் உலக சுகாதார நிறுவனம் ஒரு தவணை ஊசியே போதுமானதாக இருக்கலாம் என்று அறிவித்தபோது, எச்.ஐ.வி. தொற்றிய சிறுமிகளுக்கு மட்டும் குறைந்தது இரண்டு தவணையும், இயலுமானால் மூன்றும் தேவை என்று தனியே குறித்தது. அந்த இரண்டாவது தவணைக்கு யாரை அழைக்க வேண்டும் என்று அறிய, பள்ளியில் ஊசி போட வரும் செவிலியருக்கு அச்சிறுமியின் எச்.ஐ.வி. நிலை தெரிந்திருக்க வேண்டும். அது தோழியருக்கும் ஆசிரியருக்கும் தெரிந்துவிடவும் கூடாது.